கிருஷ்ணகிரி–ஓசூர் எல்லைப்புறம்: ஆலயம், இல்லம், அருங்காட்சியகம்

போர்ச்சுகல் நாட்டின் பாத்திமா நகருக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். முதலாவது பேராலயம். 1917-ஆம் ஆண்டு மே 13 முதல் அக்டோபர் 13 வரை மரியன்னை தங்களுக்குத் தோன்றியதாக ஆடு மேய்க்கும் சிறுவர்கள் மூவர் சொன்ன வெளியில் அது எழுந்தது. இரண்டாவது, அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவில் அல்ஜுஸ்திரெல் என்ற சிற்றூரில் இருக்கும் பழைய வீடுகள். லூசியாவும், அவளுடைய உறவினர் பிள்ளைகளான பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் பிறந்து வளர்ந்த வீடுகள் அவை. மூன்றாவது, அக்காலத்துக் குடியானவர்களின் வாழ்க்கையைக் காட்டும் சிறிய அருங்காட்சியகம். ஆலயம், இல்லம், அருங்காட்சியகம் என்னும் இந்த மூன்றும் போர்ச்சுகலின் பழைய ஊர்கள் பலவற்றில் அருகருகே அமைந்திருக்கும். நினைவில் நிற்கும் ஒருவரின் வீட்டையே காட்சிக்கூடமாக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. அதற்குக் ‘காசா-முசேயு’ என்று தனிப்பெயரே உண்டு.

பாத்திமா என்ற பெயர் தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலும் ஒலிக்கிறது. கிருஷ்ணகிரியில் பாத்திமா அன்னைக்கு ஒரு திருத்தலம் உண்டு. கர்நாடகத்தை ஒட்டிய கிருஷ்ணகிரி–ஓசூர் பகுதியைத் தொழிற்பேட்டை, ரோஜாத் தோட்டம், மாம்பழக்கூழ் ஆலை, பெங்களூர் நெடுஞ்சாலை ஆகியவற்றால் அறிந்தவர்களே மிகுதி. பழைய ஆலயம், வீடு, அருங்காட்சியகம் பார்ப்பதற்காக இங்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் அம்மூன்றும் இங்கு உள்ளன. அவற்றில் எது நின்றது, எது விழுந்தது, ஏன் என்பதே இப்பகுதி வரலாற்றின் கவனிக்கத் தக்க ஒரு பகுதி.

எல்லை நகர்ந்த வரலாறு

ஓசூர் என்பது ‘புதிய ஊர்’ என்று பொருள்படும் கன்னடப் பெயர். கல்வெட்டுகளில் இவ்வூரின் பழைய பெயர் செவிடபாடி என்று வருகிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே சந்தையில் புழங்கும் பகுதி இது. ஆட்சி எல்லையும் நிலையாக இருந்ததில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றிய தாழ்நிலப் பகுதி பாராமகால் எனப்பட்டது. ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசிடமிருந்து இது 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் உள்ள மேட்டுநிலமான பாலாகாட்டு, திப்பு வீழ்ந்த 1799-இல்தான் கம்பெனியின் கைக்கு வந்தது. பிறகு இரண்டும் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தன. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது.

போரின் அடையாளங்கள் குன்றுகளின் மேல் இருக்கின்றன. 1791 ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிய மேக்ஸ்வெல்லின் படை மட்டும் தோற்றுத் திரும்பியது. செங்குத்தான அந்தப் பாறையை இன்று ஏறிப் பார்ப்பவர்களுக்கு அத்தோல்விக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. உள்ளூர் மக்கள் இதைச் சையத் பாஷா மலை என்கிறார்கள். கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை ஆகிய இரு கோட்டைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

கோவாவிலிருந்து வந்த மறை

இப்பகுதிக் கத்தோலிக்க வரலாற்றின் தொடக்கத்தில் போர்ச்சுகலின் நிழல் உண்டு. கீழை நாடுகளில் மறைப்பணியை நடத்தும் உரிமையும் பொறுப்பும் அக்காலத்தில் போர்ச்சுகல் அரசரிடம் இருந்தன. அதன் தலைமையிடம் கோவா. மதுரையில் ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய பணி கேரளக் கரையிலிருந்த இயேசு சபை மாநிலத்தைச் சேர்ந்தது. மைசூர்ப் பணியோ கோவாவைச் சேர்ந்தது. லியனார்டோ சின்னமி என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து மைசூர் மறைப்பணியைத் தொடங்கினார். நோபிலியைப் போலவே காவி உடுத்து, புலால் தவிர்த்து, சந்நியாசி கோலத்தில் வாழ்ந்தார். கன்னடத்தில் எழுதினார். இப்பணி மைசூரோடு நிற்காமல் தமிழ் எல்லை ஊர்களுக்கும் பரவியது.

ஆகவே இந்த எல்லைப்புறக் கிறித்தவம் கடற்கரையிலிருந்து வந்த ஒன்றன்று. மயிலாப்பூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய துறைமுகங்களில் போர்த்துக்கீசியர் வணிகமும் படையும் கொண்டு வந்தனர். அங்கே அவர்கள் எழுப்பிய கல் ஆலயங்கள் உள்ளன. மயிலாப்பூர் லஸ் ஆலயத்தின் கல்வெட்டில் 1516 என்ற ஆண்டைக் காணலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் போர்த்துக்கீசியப் படை வந்ததே இல்லை. வந்தவர்கள் கையில் பிரம்பும் கமண்டலமும் பிடித்த சில குருமார்கள் மட்டுமே. போர்த்துக்கீசிய மாளிகையோ மதிலோ இங்கு எதிர்பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

போர்ச்சுகல் 1759-இல் இயேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-இல் திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். மைசூர்ப் போர்களும் அதே காலத்தில் நடந்தன. குருக்கள் இல்லாத மக்களைப் பிற்பாடு பாரிஸ் வேதபோதக சபையினர் ஏற்றுக்கொண்டனர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டில் பணியாற்றி, இந்திய வழக்கங்களைப் பற்றிய நூலால் பெயர் பெற்ற அபே துபுவா அச்சபையைச் சேர்ந்தவர். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகியவற்றின் பகுதிகள் அதில் இணைக்கப்பட்டன. அதிலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டமும் அதற்குள் அடங்கும். அரசின் எல்லைகளைப் போலவே திருச்சபையின் எல்லைகளும் இங்கே பலமுறை வரையப்பட்டிருக்கின்றன.

கிருஷ்ணகிரித் திருத்தலம் தாங்கும் பெயர் இந்தப் பழைய தொடர்பின் வழியாக வந்ததில்லை. பாத்திமா பக்தி இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய ஒன்று. 1917-க்கு முன் போர்ச்சுகலிலேயே பலர் கேள்விப்பட்டிராத ஊர் அது. ஆக, கோவாவின் வழியாக மறை வந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, போர்ச்சுகல் நாட்டு ஊர்ப்பெயர் ஒன்று வேறொரு பாதையில் இதே மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

மிசூரியிலிருந்து வந்தவர்கள்

கிருஷ்ணகிரியின் சீர்திருத்தச் சபை வரலாறு அதிகம் பேசப்படாதது. ஆனால் உலக அளவில் ஒரு முதன்மை அதற்கு உண்டு. அமெரிக்காவில் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த மிசூரி லுத்தரன் சபை வெளிநாட்டில் முதன்முதலாகப் பணி தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி.

அச்சபை முதலில் திட்டமிட்டது ஜப்பானுக்கு ஆள் அனுப்பத்தான். அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் பணியாற்றிவந்த தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் ஆகிய இருவர், வேதாகமத்தின் பிழையின்மை பற்றிய கொள்கை வேறுபாட்டால் அந்த மிஷனிலிருந்து விலக நேர்ந்தது. இருவருக்கும் தமிழ் தெரியும். இந்தியாவில் வாழ்ந்த பழக்கமும் இருந்தது. ஜப்பானைக் கைவிட்டு மிசூரி சபை இவர்களை 1894-இல் இந்தியாவுக்கு நியமித்தது. நேதர் 1895-இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார். மோன் ஆம்பூரில் நிலைகொண்டார். அங்கிருந்து இப்பணி வாணியம்பாடி, பர்கூர் எனச் சுற்றுவட்டாரத்துக்கும், பின்னர் தெற்கே நாகர்கோவில் வரைக்கும் சென்றது. 1958-இல் இது இந்திய நற்செய்தி லுத்தரன் திருச்சபை என்ற தன்னாட்சித் திருச்சபையாக மாறியது.

நேதருக்கு அந்த வளர்ச்சியைக் காணும் வாய்ப்பு இல்லை. 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய் சாலை வழியாகச் சுற்றியிருந்த ஊர்களையும் தொற்றியது. 1904-இல் கிருஷ்ணகிரியிலேயே அந்நோய் கண்டு அவர் இறந்தார். இன்று கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் இடையே நொடிக்கொரு லாரி ஓடும் அதே வழிதான், அன்று கொள்ளைநோய்க்கும் வழியாக இருந்தது.

தொரப்பள்ளி வீடு

ஓசூரை அடுத்து, தென்பெண்ணை ஆற்றுப் பகுதியில் உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10 அன்று இங்கே பிறந்தார். தந்தை வெங்கடார்யா ஊர் முன்சீப், தாய் சிங்காரம்மா. தொடக்கக் கல்விக்குப் பிறகு ஓசூர் அரசுப் பள்ளியிலும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னையிலும் படித்த இராஜாஜி 1900-ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். எல்லைப்புறத்துப் பிள்ளைகள் பெங்களூருக்குப் படிக்கப் போவது அன்றும் இயல்பாக இருந்தது.

அவர் பிறந்த வீட்டைத் தமிழ்நாடு அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அது கிராமத் தெருவில் உள்ள எளிய வீடு. ஆனால் வீடு என்ற அளவில் அதைப் பார்க்க வேண்டிய காரணம் இன்னொரு வீட்டில் இருக்கிறது. 1948-இல் இராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்று, 340 அறைகள் கொண்ட தில்லி மாளிகைக்குக் குடிபோனார். இன்று அது குடியரசுத் தலைவர் மாளிகை. வைசிராய்கள் தங்கிய பேரறைகள் தமக்கு ஒத்துவராது என்று, விருந்தினர் தங்கும் பகுதியிலிருந்த சிறிய அறைகளுக்கு அவர் மாறினார். அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அப்பகுதியையே தங்கள் குடும்ப இல்லமாகக் கொண்டனர். தொரப்பள்ளி வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு அவ்வளவு வியப்பாக இராது.

பிறந்த மண்ணின் மீது அவர் எடுத்த அரசியல் முடிவு ஒன்றும் இங்கே குறிப்பிடத் தக்கது. சென்னை மாகாணத்தின் பிரதமராக 1937-இல் பொறுப்பேற்றதும், மதுவிலக்கை முதலில் சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டம். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தன. தொரப்பள்ளிக்கும் அச்சட்டம் பொருந்தியது.

அல்ஜுஸ்திரெல் வீடுகளோடு இதை ஒப்பிடலாம். இரண்டும் எளியவை, இரண்டிலும் பார்ப்பதற்குப் பொருள்கள் குறைவு. அங்கே வீட்டுக்கு அருகிலேயே அக்காலத்து ஊர் வாழ்க்கையைக் காட்டும் கூடம் இருப்பதால், வீட்டைப் பார்த்தவர் ஊரையும் புரிந்துகொள்கிறார். தொரப்பள்ளியில் தலைவரின் வாழ்க்கைதான் முன்னால் நிற்கிறது. 1878-ஆம் ஆண்டின் எல்லைப்புறக் கிராமம், அதில் முன்சீப்பின் வேலை, மூன்று மொழி பேசிய தெரு ஆகியவற்றையும் அங்கே காட்ட முடிந்தால், பள்ளி மாணவர்களுக்கு அது இன்னும் பயன்படும்.

பிரெட்டின் அரண்மனை

விழுந்த கட்டடத்துக்கு எடுத்துக்காட்டு ஓசூரிலேயே உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளதால் ஓசூரின் குளிர்ச்சி ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பிடித்துப்போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கே ஓர் அரண்மனையைக் கட்டினார். இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையே அதற்கு மாதிரி. மனைவியின் விருப்பத்துக்காகவே அதைக் கட்டினார் என்று ஊரில் கதை வழங்குகிறது. பதவி மாறியபின் கலெக்டர் போய்விட்டார். கட்டடம் கைமாறியது, கவனிப்பாரற்றுப் போனது, இடிந்தது. முழுமையாக எழுந்து நின்ற காலத்தைவிட இடிபாடாகக் கிடந்த காலமே அதற்கு அதிகம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாதிரியாக எடுத்துக்கொண்ட கெனில்வொர்த்தும் அன்றைக்கே இடிபாடுதான். 1575-இல் முதலாம் எலிசபெத் அரசிக்கு அங்கே நடந்த விருந்து புகழ்பெற்றது. ஆனால் உள்நாட்டுப் போருக்குப் பின் 1649-இல் அக்கோட்டையின் மதில்கள் வேண்டுமென்றே தகர்க்கப்பட்டன. 1821-இல் வால்டர் ஸ்காட் எழுதிய புதினத்தால்தான் அப்பெயர் மீண்டும் ஆங்கிலேயர் வாயில் புழங்கியது. பிரெட்டின் காலத்தில் கெனில்வொர்த் என்பது வரலாற்றைவிட வாசிப்பிலிருந்து வந்த ஆசையாகவே இருந்திருக்க வேண்டும். அந்த இங்கிலாந்து இடிபாட்டைப் பார்க்க இன்று கட்டணம் கட்டி மக்கள் போகிறார்கள். ஓசூர் இடிபாட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தொழிற்பேட்டை இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது முழுச் சரியாகாது. 1970-களில் சிப்காட் வந்து, பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆகியவை ஓசூரில் ஆலைகளைத் தொடங்கும் முன்பே அரண்மனை பாழடைந்துவிட்டது. தொழிற்பேட்டை செய்தது வேறு: நிலத்தின் விலையை ஏற்றியது. பாழடைந்த சுவரைவிட அது நிற்கும் மனை பல மடங்கு மதிப்புள்ளதாகிவிட்ட ஊரில், சுவருக்காகப் பேசுகிறவர் எண்ணிக்கை குறைந்துபோகும். 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. அந்த அழுத்தம் இனிக் கூடத்தான் செய்யும்.

பயன்பாடு நீடித்த இடங்களின் கதை வேறு. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-இல் கம்பெனிப் படையின் குதிரைகளுக்காக ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. குதிரைகள் போனபின் அது மாட்டுப் பண்ணையாயிற்று. இன்றும் அரசின் கால்நடைப் பண்ணையாக இயங்குவதால் அந்த விரிந்த நிலம் துண்டுபடாமல் இருக்கிறது. போர்ச்சுகலிலும் இதே பாடம் கிடைக்கும். எவோரா நகரில் பழைய துறவியர் மடம் ஒன்று தங்கும் விடுதியாகி நிற்கிறது. ஓபிதோஸ் என்ற மதில் சூழ்ந்த சிற்றூரில் பழைய தேவாலயம் ஒன்று புத்தகக் கடையாகியிருக்கிறது. பீடம் இருந்த பக்கம் வரை அலமாரிகள் எழும்பி நிற்கின்றன. புனிதம் குறைந்தது என்று வருந்துவோர் அங்கும் இருக்கலாம். ஆனால் கூரை ஒழுகவில்லை.

அருங்காட்சியகமும் வயல்வெளிக் கற்களும்

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் 1993-இல் தொடங்கப்பட்டது. மாவட்டமே பிரியாத காலம் அது. அரசு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை வெளியூரிலிருந்து வருவோர் நினைவில் கொள்ளலாம். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை நடுகற்கள்.

ஆநிரை மீட்கும் சண்டையிலோ, புலியையோ காட்டுப்பன்றியையோ எதிர்த்தோ உயிர்விட்ட வீரனுக்கு எடுப்பது நடுகல். அதியமானின் தகடூர் நாடான தருமபுரி–கிருஷ்ணகிரிப் பகுதியும் அதை ஒட்டிய செங்கமும் தமிழகத்திலேயே நடுகற்கள் மிகுந்த பகுதி. பழையவற்றில் வட்டெழுத்தில் அமைந்த தமிழ் வரிகள் இருக்கும். ஓசூர்ப் பக்கம் போகப்போகக் கன்னடக் கல்வெட்டோடும் தெலுங்குக் கல்வெட்டோடும் கூடியவை கிடைக்கும். 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றை ஊர் ஊராகப் படியெடுத்து வெளியிட்டது. மன்னரின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத மாடு மேய்ப்பவனும் காவல்காரனும் பெயரோடு வரலாற்றில் நிற்பது இக்கற்களால்தான்.

கற்களைவிடப் பழையது இரும்பு. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் எடுத்த கரி மாதிரிகள், இரும்புப் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை கொண்டுசென்றன. 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதை அறிவித்தார். 2025-இல் தூத்துக்குடி மாவட்டச் சிவகளை முடிவுகள் அந்தக் காலத்தை மேலும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆயினும் தமிழக இரும்புக் காலத்தைப் பற்றிய பேச்சை மாற்றியது மயிலாடும்பாறைதான். வாகன உதிரிபாகங்கள் செய்யும் மாவட்டத்தில் நாலாயிரம் ஆண்டுப் பழமையுள்ள இரும்பு கிடைத்தது தற்செயல். இருந்தாலும் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இம்மாவட்டத்தின் மிகப் பழைய ‘வீடுகள்’ மல்லசந்திரத்தில் இருக்கின்றன. குன்றின் மேல் நான்கு புறமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடி, முன்கல்லில் வட்டத் துளையிட்ட கற்திட்டைகள் அவை. சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை ஓவியங்கள் உண்டு. இவை பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்கு எழுப்பியவை. இவற்றை வீடு என்று நினைப்பது இப்பகுதிக்கு மட்டும் உரியதில்லை. கன்னட நாட்டின் வடபகுதியிலுள்ள ஹிரேபெணகல் கற்திட்டைகளை அவ்வூரார் மோரியர் மனை என்கிறார்கள். மோரியர் என்போர் முன்னொரு காலத்தில் வாழ்ந்த குள்ள மனிதர்கள் என்பது அங்குள்ள கதை. மல்லசந்திரத்துக்கு ஆபத்து மழையிலும் வெயிலிலும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. ஒரு பாறைக்குன்றின் மேல் நிற்கும் பலகைக் கற்கள் தொல்பொருளா, வெட்டி விற்கும் கல்லா என்ற கேள்வி இங்கே எப்போதும் எழக்கூடியது.

நடுகற்களில் ஒரு பகுதிதான் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கிறது. மற்றவை வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் உள்ளன. அவற்றில் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். கல்லில் எழுதியிருப்பது வாசிக்கத் தெரியாது. வீரன் பெயர் மறந்துபோயிற்று. ஆண்டுதோறும் பொங்கல் வைப்பதும் கிடா வெட்டுவதும் மட்டும் நிற்கவில்லை. ஆய்வாளர்கள் அங்கே படியெடுக்கப் போனால், முதலில் கல்லின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் மஞ்சளையும் துடைக்க வேண்டும். அதற்கு ஊராரிடம் அனுமதி கேட்க வேண்டும். கல்லை அருங்காட்சியகத்துக்குத் தரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், சாமியை எப்படிக் கொடுப்பது என்பதுதான்.